பீரங்கி ஆளுங்கள நடக்க விடுறேன் – 1/72 டயரமா, இதுவரைக்கும்

டயரமான்னா குட்டி பொம்மைகள வச்சு ஒரு காட்சிய செஞ்சு காட்டுறது, 1/72ன்னா நிஜ சைஸ்ல 72ல ஒரு பங்கு. ரெண்டாம் உலகப்போர் டயரமான்னா பெரும்பாலும் நார்மண்டி, இல்லன்னா ஸ்டாலின்கிராட். எனக்கு ரெண்டும் சலிச்சுப்போச்சு, அதனால இந்த தடவ இத்தாலி. எடுத்துக்கிட்டது அமெரிக்காவோட 45ஆவது விமான எதிர்ப்பு பீரங்கி பிரிகேட். 1944 ஜூலைல இந்த பிரிகேட் ஆளுங்களுக்கு காலாட்படை ட்ரெய்னிங் குடுத்து, ‘டாஸ்க் ஃபோர்ஸ் 45’னு பேரும் வச்சு, பீசா பக்கம் ஆர்னோ ஆத்தங்கரைல கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. கமாண்டர் பிரிகேடியர் ஜெனரல் பால் ரட்லெட்ஜ்.

ஏன் இப்படி பண்ணாங்கன்னு பாத்தா கணக்கு சிம்பிள். ஜூன் 4 ரோம் விழுந்தாச்சு, ஆனா ஆகஸ்ட்ல தெற்கு பிரான்ஸ்ல எறங்குறதுக்காக, இத்தாலில சண்ட போட்டுட்டிருந்த அமெரிக்க அஞ்சாவது ஆர்மில இருந்து ஏழு டிவிஷன உருவிட்டாங்க, மூணு அமெரிக்க டிவிஷன், நாலு பிரெஞ்சு டிவிஷன். முன்வரிசைல நிக்க ஆள் இல்ல. இன்னொரு பக்கம் இத்தாலி வானத்துல ஜெர்மன் விமானத்த பாக்குறதே அபூர்வமாயிடுச்சு, விமானத்த சுடுற போஃபோர்ஸ் பீரங்கி பக்கத்துல நூத்துக்கணக்கான ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க. சரி, இறங்கி நடங்கப்பான்னுட்டாங்க.

நான் பண்றதும் அதே வேலதான். தனியா காலாட்படை செட் வாங்காம 40 எம்எம் போஃபோர்ஸ் கிட்டோட வர்ற க்ரூ ஃபிகர்கள அறுத்து மாத்துறேன். லோடர் கைல நாலு குண்டு கிளிப் இருக்கும், அத மணிக்கட்டோட வெட்டிட்டு, வேற பெட்டில மிச்சமான காரண்ட் ரைபிள் பிடிச்ச கைய சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி, இடுக்குல புட்டி. ஆளோட மொத்த உயரமே ரெண்டரை சென்டிமீட்டர்தான், பிளேடு கொஞ்சம் நழுவினா முழங்கையே போயிடும், அதனால பின்வைஸ்ல (சின்ன பொருள கவ்விப் பிடிக்கிற குட்டி கருவி) இறுக்கி பிடிச்சு மெதுவா தான் அறுக்கணும். சிக்கலே உக்காந்த ஃபிகர்கள்ல தான். போஃபோர்ஸ்ல ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் சீட்ல உக்காந்து கைப்பிடிய சுத்தி குறி வைப்பாங்க. இவங்கள எழுப்பி நிக்க வைக்க இடுப்பயே புதுசா செய்யணும், எனக்கு பொறுமை இல்ல, ஸோ அப்படியே ரோட்டோர கல்சுவத்துல உக்கார வச்சு ஒருத்தன் பூட்ஸ் கழட்டுற மாதிரி கைய வளைச்சுட்டேன். சொல்லப்போனா இந்த ஃபிகர் தான் மொத்த டயரமாலயும் எனக்கு ரொம்ப பிடிச்சது, பழைய வேலைய உக்காந்தே பாத்தவனுக்கு கால் கொப்பளிக்காம வேற என்ன ஆகும்.

எந்த எடத்த காட்டுறதுன்னு தான் ரொம்ப யோசிச்சேன். 1944 நவம்பர் ஒரு ஆப்ஷன், பிரேசில் படை மோன்டே காஸ்டெல்லோ மலைய முதல்ல தாக்குனது இந்த டாஸ்க் ஃபோர்ஸ் கட்டளைல தான், ஆனா அன்னிக்கு மலை கைக்கு வரல, அடுத்த பிப்ரவரில தான் பிடிச்சாங்க. கடைசில 1945 ஏப்ரலுக்கு வந்துட்டேன். அதுக்குள்ள டாஸ்க் ஃபோர்ஸ கலைச்சுட்டு 434, 435, 532, 900னு நாலு விமான எதிர்ப்பு பட்டாலியன சேத்து 473ஆவது காலாட்படை ரெஜிமென்ட் ஆக்கிட்டாங்க. அதுக்கு தலைமை கர்னல் வில்லியம் யார்பரோ, பாராசூட் படைக்காரர், அமெரிக்க பாராசூட் பேட்ஜ டிசைன் பண்ணதே இவர்தான். வானத்துல இருந்து குதிக்கிறவருக்கு கீழ, வானத்த பாத்து சுட்டவங்க, யாருக்கு தோணுச்சோ!

ரெஜிமென்ட்ட 92ஆவது டிவிஷனோட சேத்தாங்க. அங்க 370ஆவது ரெஜிமென்ட் கறுப்பின வீரர்களோடது, 442ஆவது ஜப்பானிய அமெரிக்கர்களோடது, 473ஆவது வெள்ளைக்காரங்களோடது. தனித்தனியா பிரிச்சு வைக்கிறத விதியாவே வச்சிருந்த ஆர்மி, ஆள் பத்தலன்னதும் மூணயும் ஒரே டிவிஷன்ல போட்டுச்சு. கடலோரமா அவுரேலியா ரோட்டுல மாஸா பக்கமா 473 முன்னேறும்போது புன்டா பியாங்கால இருந்த கடலோர பீரங்கிகள் போட்டு தாக்குது. பீரங்கிய விட்டு வந்தவங்க தலைலயே பீரங்கி குண்டு! ஏப்ரல் 10 மாஸாவுக்குள்ள போனாங்க, 27 ஜெனோவாவுக்குள்ள. ஜெனோவால இவங்களுக்கு பெரிய வேலை இல்ல, ரெண்டு நாள் முன்னாடியே ஜெர்மன் ஜெனரல் மைன்ஹோல்ட் பார்ட்டிசான்கள் (இத்தாலிய எதிர்ப்பு போராளிகள்) கிட்ட சரணடைஞ்சுட்டார்.

மாஸாவுக்கு அடுத்தது கராரா, மார்பிளுக்கு பேர்போன ஊர். அதனால ரோட்டோரத்துக்கு ஒரு மார்பிள் கடைல கட்டிங் தூள் ஒரு கவர் கேட்டு வாங்கிட்டு வந்து சலிச்சேன். ஃபெவிகால் தண்ணில கரைச்சு தடவி மேல தூவி, காஞ்சப்புறம் லேசா பிரவுன் வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச பெயின்ட். பேன்ட்டுக்கு ஆலிவ் ட்ராப் (ராணுவ பச்சை) கலர்ல கொஞ்சம் பிரவுன் கலந்து, முழங்காலுக்கு கீழ அதே வெள்ளைத்தூள பிரஷ்ல தேச்சு விட்டேன், அப்புறம் தான் ஆளுங்க ரோட்டுல நடந்து வந்த மாதிரி ஆனாங்க. தோள்ல டிவிஷன் பேட்ச் போடல, அந்த சைஸ்ல அது வெறும் புள்ளிதான்.

மிச்சம் இருக்குறது டாங்க். ஷெர்மன், அதாவது நடுத்தர டாங்க், வைக்கலாம்னு தான் இருந்தேன், ஆனா 92ஆவது டிவிஷனோட இருந்த 758ஆவது டாங்க் பட்டாலியன், கறுப்பின வீரர்களோடது, ஓட்டினது லைட் டாங்க். அதனால ஸ்டூவர்ட் கிட் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் ட்ராக்ல இருந்து ஆரம்பிக்கணும்.