பந்து இருக்கு, குழியைக் காணேல்லை

டுபாயில இருந்து லீவில வந்த மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் வந்திருக்கிறார் எண்டு எல்லாரும் நினைச்சம், ஆனா ஆள் தோளில ஒரு நீட்டுப் பையோட வந்து இறங்க அம்மா “என்ன தம்பி, நாதஸ்வரம் பழகிறியோ” எண்டு கேட்டுப் போட்டா. திறந்தா கோல்ஃப் மட்டையள். ஒரு ஆட்டத்துக்கு 14 மட்டை வரைக்கும் கொண்டு போகலாமாம், பிளேனில கிலோ கணக்கு இடிக்கும் எண்டு கொஞ்சத்தை விட்டிட்டு வந்தவராம்.

ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879ல தொடங்கினது, அங்க போய் விளையாடுங்கோவன் எண்டு நான் சொல்லிப் பாத்தன். அவருக்கு ஊரிலதான் விளையாடோணுமாம். பேந்து தொடங்கினார் பாருங்கோ வகுப்பு. 1988ல எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பில புல்லு வளத்துக் காட்டுறதுக்கு முதல் அந்தப் பக்கத்து ஆக்கள் பாலைவன மணலிலதானாம் விளையாடினவை, குழியைச் சுத்தி எண்ணெய் கலந்த மணலை இறுக்கி விடுவினமாம், புல்லெண்டா அந்த இடத்துக்குப் பேர் கிரீனாம், இது பிரவுனாம், கையோட ஒரு துண்டு செயற்கைப் புல்லுக் கம்பளம் கொண்டு திரிஞ்சு அதுக்கு மேல பந்தை வச்சு அடிப்பினமாம். இதெல்லாத்தையும் சாய்மனைக் கதிரையில கண்ணை மூடிக்கொண்டு கேட்ட சித்தப்பா “அப்ப எங்கட மணற்காட்டுக் கடற்கரை காணுமே” எண்டார். அவ்வளவுதான். கம்பளத்துக்கு எங்கட வாசல் கால்மிதி போச்சுது, குழிக்கு ஹாட்வெயார்க் கடையில நாலு இஞ்சி பைப்பில ஒரு துண்டு வெட்டினம் (சட்டப்படி குழி 108 மில்லிமீற்றராம், கிட்டத்தட்டச் சரி), கொடிக்குச் சித்தப்பான்ர சிவப்புத் துவாய்.

பருத்தித்துறை தாண்டி வல்லிபுரக் கோயிலடியால போகேக்கயே மோட்டச்சைக்கிள் ஒரு பக்கம் இழுக்குது. ஆடி மாசம், சோளகக் காத்து முழு மூச்சில நிக்கிற நேரம். சித்தப்பா மணல் மேட்டில ஏறி நிண்டு, பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கிற பக்கம் ஒருத்தரும் பந்து அடிக்கக் கூடாது எண்டு ஒரேயொரு சட்டம் போட்டார். பைப்பைத் தாட்டு, பக்கத்தில சவுக்கந்தடி நட்டு, துவாயைக் கட்டினார். துவாய் விறைச்சுப் போய் நேராக் கடலைக் காட்டிக்கொண்டு நிண்டது. அந்தக் கரையில சோளகம் தரையில இருந்து கடலுக்குத்தானே அடிக்கும், அதைப் பாத்தே நாங்கள் வீட்டை திரும்பியிருக்கலாம்.

மச்சான் முதல் அடியைக் காத்தோட அடிச்சார், பந்து வங்காள விரிகுடாவுக்குப் போச்சுது. சரி எண்டு காத்துக்கு எதிரா நிண்டு உயிரைக் குடுத்து அடிச்சார். பந்தில சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கெல்லே, பின்பக்கமாச் சுழலேக்க அது பந்தை மேல தூக்கிக் குடுக்கும், எதிர்க்காத்தில தூக்கல் இன்னும் கூடுமாம், இந்த விளக்கத்தை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு நிக்க பந்து மேல போய், கொஞ்ச நேரம் யோசிச்சு, எங்கட தலைக்கு மேலால பின்னுக்குப் போய் விழுந்தது. ஆடிக்காத்துக்கு அம்மியே பறக்குமாம், 45.93 கிராம் பந்து எம்மாத்திரம். திரும்பிப் பாத்தா கால்மிதியும் இல்லை.

பந்து பொறுக்கித் தாறதுக்கு ஊர்ப் பெடியள் சேந்திட்டாங்கள். முதல் சும்மா தந்தவங்கள், பேந்து ஒரு பந்துக்கு ஐம்பது ரூபா, கடலுக்குக் கிட்டப் போக விலை ஏறிச்சுது.

ஒரு மாதிரித் தத்தளிச்சு குழியடிக்கு வந்தா துவாயையும் காணேல்லை தடியையும் காணேல்லை. அதைவிட, பைப்பைக் காணேல்லை! காத்து மணலை நிரப்பி மேல தடவியும் விட்டிட்டுது, பொங்கலுக்கு மெழுகின முத்தம் கெட்டது. மச்சான் மட்டையால குத்திக் குத்திப் பாக்கிறார், சித்தப்பா காலால விறாண்டுறார், பெடியள் ஆளுக்கொரு பக்கம் கிண்டுறாங்கள், இதைப் பாத்திட்டு வலை பாத்துக்கொண்டிருந்த ரெண்டு அண்ணைமாரும் வந்து ஒண்டுமே கேக்காமல் குனிஞ்சு தேடத் தொடங்கிட்டினம். “துலைஞ்ச பந்தை 2019க்கு முதல் அஞ்சு நிமிசம் தேடலாம், இப்ப மூண்டு நிமிசம்தான் மாமா” எண்டு மச்சான். “குழி துலைஞ்சா எத்தினை நிமிசம் மருமோன்?” எண்டு சித்தப்பா. பதில் இல்லை.

அந்த நேரம் மீன் சட்டியோட போன ஒரு ஆச்சி நிண்டு “சங்கிலியே தம்பி துலைஞ்சது? துலைஞ்ச சாமானுக்கு அந்தோனியாரிட்டத்தான் கேக்கோணும், ஒரு மெழுகுதிரி நேந்து போட்டுத் தேடுங்கோ, கட்டாயம் கிடைக்கும்” எண்டா.

“சங்கிலி இல்லையணை, ஒரு குழி.”

ஆச்சி எங்களை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தா. “குழியோ? அதை ஏன் பிள்ளையள் தேடுறியள், புதுசா ஒண்டைக் கிண்டுங்கோவன்.”

வலைக்கார அண்ணைமார் அப்பதான் நிமிந்து எங்கட முகத்தைப் பாத்தினம். தாங்கள் இவ்வளவு நேரமும் தேடினது ஒரு குழியை எண்டு விளங்க ஒண்டும் பேசாமல் போட்டினம்.

சரி, கிண்டினம். கிண்டி முடிச்சுப் பாத்தா, மேட்டில நிண்ட மச்சான்ர பந்து காத்துக்கு மெல்ல மெல்ல உருண்டு இறங்கிக்கொண்டிருக்குது. ஓடிப்போய்ப் பிடியுங்கோ எண்டு நான் கத்த, இல்லையாம், தொடக் கூடாதாம், நிண்ட பந்தைக் காத்து நகர்த்தினா நகர்ந்து போய் நிக்கிற இடத்தில இருந்துதான் அடிக்கோணுமாம், அதுதான் சட்டமாம். அப்ப எல்லாருமா வரிசையா நிண்டு பாத்தம். சரிவால இறங்கி, ஈர மணலில கொஞ்சம் நிண்டு, அடுத்த அலையோட உள்ளுக்குப் போச்சுது.

பெடியன் ஒருத்தன் காற்சட்டையை மடிச்சுக்கொண்டு வந்தான்.

“அண்ணை, உள்ள இறங்கி எடுக்கிறதெண்டா இருநூறு.”