நர்சிங் சேர்க்கையும் ஞானஸ்நானச் சான்றிதழும்: நாங்கள் பட்ட அலைச்சல்

பெங்களூரில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டு படிக்கிறேன். விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவை சிக்கல் ஏதுமின்றி முடிந்தன. என் இடத்தைப் பறிக்கவிருந்தது ஒரே ஒரு தாள். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளிலிருந்து கத்தோலிக்க ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவிருக்கும் தங்கைகள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தையின் (நம் பங்கின், அதாவது நம் கோயில் வட்டாரத்தின், குருவானவர்) கடிதமும் வேண்டும் என்று கல்லூரியின் பட்டியலில் இருந்தது. எங்கள் பங்கு அலுவலகத்தில் இருந்தவர் குடும்ப அட்டையைப் பார்த்துவிட்டு, நான் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்றும் இந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்றும் ஒரே கடிதத்தில் தட்டச்சு செய்து, பங்குத்தந்தையிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கித் தந்து, இரண்டுக்கும் இதுவே போதும் என்றார். ஞானஸ்நானத்துக்குப் பின் வரும் திருச்சடங்குகளான புதுநன்மையும் உறுதிபூசுதலும் அதே கோயிலில்தான் எனக்கு நடந்தன என்பதால் எங்களுக்கும் சந்தேகம் எழவில்லை.

ஜூன் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, அப்பாவும் நானும் சரிபார்ப்புக்குப் போய் நின்றோம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் படகு கரையில்தான் நிற்கும். பயணச் செலவுக்குக்கூட அப்பா கடன் வாங்கியிருந்தார். கவுன்ட்டரில் இருந்த அம்மையார் கடிதத்தை ஒரு விரலால் எங்கள் பக்கமே தள்ளிவிட்டு, “இது சான்றிதழ் இல்லை. ஞானஸ்நானம் நடந்த பங்கின் பதிவேட்டிலிருந்து எடுத்தது வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிடுவோம்” என்றார். “இரண்டு நாள் கூட்டிக் கொடுங்க மேடம்” என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். அவர் கேட்ட தாள் சரியானதுதான். ஆனால் இந்த விவரத்தைப் பட்டியலிலேயே ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் எத்தனை குடும்பங்களின் பணமும் நாட்களும் மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

திருச்சபைச் சட்டம் 877-இன்படி, ஞானஸ்நானம் எந்த இடத்தில் கொடுக்கப்பட்டதோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் அது பதிவாகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் எத்தனை ஆண்டுகள் வேறு பங்கில் வாழ்ந்தாலும் மூலப் பதிவு இடம் மாறுவதில்லை. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கமாதலால், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அம்மாவின் ஊரிலேயே நடந்துவிடுகிறது. எனக்கு அது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்.

அன்றிரவே பெங்களூரு மெயிலில் திரும்பி, செவ்வாய் மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். ஞானஸ்நானம் நடந்த தேதி அம்மாவுக்கு மட்டுமே தெரியும். தேதி தெரியாவிட்டால் பதிவேட்டை ஆண்டு முழுவதற்கும் புரட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதை முன்கூட்டியே வீட்டில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் ஃபாதர் மறுப்பேதும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து, உப்புக்காற்றில் ஓரம் பழுத்துப்போன பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், பிறந்த நாள் எல்லாம் சரியாக இருந்தன. என் பெயர் மட்டும் வேறாக இருந்தது. ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்தது அப்பாயியின் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்ததோ வீட்டில் கூப்பிடும் பெயர். அம்மா அழத் தொடங்கிவிட்டார். “பதிவேட்டில் இருப்பதைத்தான் நான் எழுத முடியும், பிள்ளை” என்ற ஃபாதர், சான்றிதழைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரையே குறிக்கின்றன என்று தனித்தாளில் ஒரு கடிதமும் எழுதி, இரண்டிலும் முத்திரையிட்டுக் கொடுத்தார். மதிப்பெண் சான்றிதழின் நகலை நான் பையில் வைத்திருந்தது அப்போதுதான் உதவியது. வியாழக்கிழமை சென்னையில் இறங்கியதும், ஒரு நோட்டரி வக்கீலிடம் இரு பெயரும் ஒருவருடையதே என்று பிரமாணப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் எல்லோரும் ‘கத்தோலிக்க யுனிவர்சிட்டி’ என்றே சொன்னாலும், எங்கள் கல்லூரிக்குப் பட்டம் வழங்குவது ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். கர்நாடகத்துக்கு வெளியே பிளஸ் டூ முடித்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். அதற்கு மைக்ரேஷன் சான்றிதழ் (பள்ளித் தேர்வு வாரியத்திலிருந்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான சான்று) தேவை. பிளஸ் டூ முடிவு வந்த வாரமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரியில் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும்போது, எந்தெந்தத் தாள்களைப் பெற்றுக்கொண்டார்கள் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை என்பதால், இதுவரை போடாதவர்கள் முதல் ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே கவுன்ட்டர், அதே அம்மையார். சான்றிதழ், ஃபாதரின் கடிதம், பிரமாணப் பத்திரம் மூன்றையும் வரிசையாக வைத்தேன். இரு பெயர்களையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர், எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார். அப்பா அந்தச் சேர்க்கைச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் தந்தார். அன்றிரவே அவர் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். 14-ஆம் தேதி நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது, அதற்குள் வலைகளைச் சரிபார்த்துப் படகில் ஐஸ் ஏற்றியாக வேண்டும்.