சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு வாழ்வது

ஜூன் 3
இன்றும் நிறம் ஏறவில்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் வெந்நீர் பாக்டீரியா ஒன்றை வளர்க்கிறேன்; ஐந்து நாளாக 48 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் அதன் சீசா கிடக்கிறது. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் மட்டும் குறைவில்லாமல் வீசுகிறது. அந்த நாற்றம் தரும் சல்பைடுதான் இந்த பாக்டீரியாவுக்குத் தீனி. செடி தண்ணீரை உடைத்து எலெக்ட்ரான் எடுக்கும். இது சல்பைடிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் வெளியிடாது.

ஜூன் 4
தவறு என்னுடையதுதான். குண்டு பல்பு எரிந்துபோனதும் வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருந்தேன். எனக்குப் பளிச்சென்ற வெளிச்சம், அதற்கோ அரைப்பட்டினி. அது பெரிதும் நம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை. பழைய பல்பைத் தேடி மாட்டினேன்.

ஜூன் 9
செவ்வூதா! நுண்ணோக்கியில் குட்டிக் குச்சிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கந்தகத் துளிகள் மினுங்குகின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் மதிய உணவு போயிற்று.

ஜூன் 12
இதன் பெயர் தெர்மோகுரோமேஷியம் டெபிடம். 'டெபிடம்' என்றால் லத்தீனில் வெதுவெதுப்பு. 50 டிகிரியில் செழிப்பதற்கு இப்படியொரு பெயரா என்று தோன்றும். ஆனால் வெந்நீரூற்றில் வாழும் மற்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்களில் குளோரோஃப்ளெக்சஸ் 70 வரை தாங்கும், சைனெகோகாக்கஸ் 73 வரை போகும். அந்தக் கூட்டத்தில் இது வெதுவெதுப்புதான்.

ஜூன் 17
இன்றுதான் விஷயத்துக்கு வந்தேன். ஒளியைப் பிடிக்கும் புரத வளையத்தைப் பிரித்தெடுத்து எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வைத்தேன்: உறிஞ்சும் உச்சம் 915 நானோமீட்டர். மிதமான நீரில் வாழும் உறவினர்களுக்கு இது 880–890 அருகே இருக்கும். கால்சியத்தைக் கவ்வி எடுக்கும் ஈடிடிஏவைக் கலந்தேன். உச்சம் 880 பக்கம் நழுவியது. கால்சியம் குளோரைடு சேர்த்ததும் திரும்பி வந்தது. இரண்டு மாதிரிகளையும் 50 டிகிரியில் வைத்தேன். கால்சியம் உள்ளது அசையவில்லை. இல்லாதது மெல்லச் சரிந்தது. வளையத்தில் 16 கால்சியம் அயனிகள், புரதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணிகள் மாதிரி. நிறத்தை மாற்றுவதும் வெப்பத்தைத் தாங்கவைப்பதும் அதே ஆணிதான்.

ஜூன் 18
இந்த பாக்டீரியாவைக் கண்டெடுத்த இடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள மாமத் வெந்நீரூற்று. நுண்ணுயிரியலாளர் மைக்கேல் மடிகன் 1984இல் அறிவித்தார். அங்கே வெந்நீர் கால்சியம் நிறைந்த சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலேறி, வெளியே வந்ததும் வெள்ளைப் படிக்கட்டுகளாகப் படிகிறது. ஊற்றில் தாராளமாகக் கிடைத்ததையே இது உடம்புக்குள் ஆணியாக அறைந்துகொண்டிருக்கிறது.

என் கால்சியம் குளோரைடு டப்பாவில்தான் அடிமட்டத்தில் ஒரு கரண்டி மிச்சம். நாளை முதல் வேலை அதுதான்.