சாடி நிறையத் துளசி

ஜூன் 3

காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் விடவில்லை. இரவெல்லாம் பெரியவளின் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். நான்கு வயதுக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால் நேரம் பார்க்காமல் தூக்கி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 26. பிறகு 24. மறுபடியும் 26.

ஜூன் 4

பெரியவளுக்குக் கொடுக்க, துளசியை வினிகரில் ஊறவைக்கும் சாடி போட்டுவிட்டேன்.

துளசியைக் காலையிலேயே அலசித் துணியில் பரப்பியிருந்தேன். இலையில் சொட்டு ஈரம் இருந்தாலும் வினிகர் நீர்த்துப் போகும், அப்புறம் பூஞ்சைதான். கண்ணாடிச் சாடியைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்துக் காயவைத்தேன். பாதிக்கு மேல் துளசி, ஒரு கைப்பிடி புதினா, விரல் நுனி அளவு இஞ்சி. பெரியவர்களுக்கு என்றால் இஞ்சியை அள்ளிப் போடலாம். காரம் ஒருமுறை நாக்கைச் சுட்டுவிட்டால் இவள் மறுமுறை வாயையே திறக்க மாட்டாள். மேலே ஆப்பிள் சிடர் வினிகர், புட்டியில் 5 சதவீத அமிலம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுத்தது. வீட்டில் புளிக்கவைத்த வினிகரில் புளிப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இந்த வேலைக்கு அதை நான் நம்ப மாட்டேன். சாடியின் மூடி உலோகம், அமிலம் அரித்துவிடும். இடையே மெழுகுத்தாள் வைத்துத் திருகினேன். தேதி எழுதி ஒட்டி, இருட்டான அலமாரியில் வைத்தாயிற்று.

இது மருந்து இல்லை. எந்த நோயையும் இது விரட்டப் போவதில்லை, தெரியும். இலை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அரை மணி நேரம் கை நடுங்கவில்லை.

ஜூன் 5

குலுக்கினேன். இலைகள் மேலே எழும்பி நிற்கின்றன. மூழ்கும்வரை இன்னும் கொஞ்சம் வினிகர்.

ஜூன் 7

பெரியவளின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்றும் வரவில்லை. நாளை என்றார்கள்.

ஜூன் 9

அத்தை நல்ல மனதோடுதான் சொன்னார். “அதில் தேன் சேர்க்கத்தானே போகிறாய் கண்ணு, சின்னவன் நாக்கிலும் ஒரு சொட்டுத் தடவு. அவனுக்கும் மூக்கு ஒழுகுகிறதே.”

“வேண்டாம் அத்தை. ஒரு வயது ஆகட்டும்.”

“காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தால்?”

காய்ச்சினாலும் ஆகாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும், கொதிநீரில்கூட அவை சாவதில்லை. வினிகரின் புளிப்பு அவற்றை முளைக்க விடாது, அழிக்கவும் செய்யாது. நம் வயிற்றுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கலாம். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கச் சோர்வு, அழுகுரல் மெலிந்து போகும், கழுத்து துவளும். இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். “எங்கள் காலத்தில்…” என்று ஆரம்பித்தவர் சின்னவனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என்மேல் வருத்தமோ என்னவோ. இருக்கட்டும்.

ஜூன் 10

தேன் புட்டியை மேல்தட்டுக்கு மாற்றினேன்.

ஜூன் 13

இன்று முழுவதும் பல்லைப் பற்றிய கவலை. வினிகரின் பி.எச். சுமார் 3; இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பற்சிப்பி 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். நீர் கலந்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். உண்மையில் பி.எச். அதிகம் ஏறுவதில்லை, வாய்க்குள் போகும் அமிலத்தின் அளவுதான் குறைகிறது. ஆகவே சாப்பாட்டோடு ஒரே தடவை. கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்காகச் சப்பவிடக் கூடாது. குடித்ததும் வெறும் நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், பல் துலக்க அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தூங்கப் போகும்போது வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

நீர் கலக்காமல் ஒருபோதும் இல்லை. தொண்டை புண்ணாகும்.

ஜூன் 15

32. எண்ணியதில் தவறோ என்று மறுபடியும் எண்ணினேன். 32. விளக்கைப் போட்டு நெஞ்சு உள்ளிழுக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. விடிவதற்குள் 26.

சாடியைத் தொடவில்லை.

ஜூன் 18

முடிவு வந்துவிட்டது. போனில் எதுவும் சொல்லவில்லை, நேரில் வரச் சொன்னார்கள்.

ஜூன் 19

இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்.

வினிகரைப் பற்றியும் கேட்டேன். நெஞ்செரிச்சல், வயிற்றுவலி என்றால் நிறுத்திவிட வேண்டும், எழுதிக் கொடுத்த மருந்துக்குப் பதிலாக இது ஆகாது, மற்றபடி நன்றாக நீர்த்துக் கொடுக்கலாம் என்றார்.

ஜூன் 20

வடிகட்டினேன். துளசி வெளிறிப் பழுப்பாகிவிட்டது, மணம் முழுவதும் வினிகருக்குள் இறங்கிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் புளிப்பு, பின்னாலேயே துளசி, கடைசியில் லேசாக இஞ்சி. துணியை முறுக்கிப் பிழிந்த கையை வெகுநேரம் கழுவாமல் இருந்தேன்.

மூன்று பங்குக்கு ஒரு பங்கு தேன். தேனையும் வினிகரையும் சேர்ப்பது பழைய வழக்கம்தான். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் ‘ஆக்சிமெல்’ என்று வருகிறது, சளியை வெளிக்கொணர. புட்டியில் சிவப்பு மையால் எழுதினேன்: தேன் இருக்கிறது. சின்னவனுக்கு இல்லை.

ஜூன் 21

அரைத் தேக்கரண்டி, ஒரு டம்ளர் நீர். முகத்தைச் சுளித்தாள். பிறகு, “அம்மா, இன்னும் கொஞ்சம்.”

கொடுக்கவில்லை. ஆனால் கேட்டாளே! நோயில் விழுந்த நாளிலிருந்து எதையும் கேட்டதில்லை.

ஜூன் 22

ஒரு இட்லி முழுதாக. மூச்சை எண்ணாமல் தூங்கிவிட்டேன்.

ஜூன் 23

நாளை காலை எட்டு மணிக்கு. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இதுவும் கிடையாது. பையில் மாற்று உடை, பழைய சீட்டுகள், அவளுடைய போர்வை. சின்னவனை அத்தை பார்த்துக்கொள்வார். தேன் விஷயத்தை அவரிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.