அப்பாவின் இரண்டாவது கப்பல்

அப்பா அம்மாவை இலங்கைக்குக் கூட்டிப்போய்விட்டு கோத்தகிரி வந்து சேர்ந்தாச்சு. அம்மாவின் கால் வீக்கம்தான் இன்னும் வடியவில்லை.

அப்பா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பச் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப் வழியாக, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இந்த முறை நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் 4 மணி நேரம். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணையே திறக்கவில்லை. அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. "அப்ப ஒரு தகரப் பெட்டிதான்டா. இப்ப சக்கரம் வச்ச பெட்டி" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில். செலவைக் குறைக்க இரண்டாம் வகுப்பு போட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. கொழும்பு வரை போகாமல் பொல்காவலையிலேயே மலையக வண்டிக்கு மாறினால் அரை நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். படிக்கட்டு, நாலு முட்டிவலி, மூன்று பெட்டி! அடுத்த முறை கொழும்பில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, வண்டி கிளம்புகிற கோட்டை ஸ்டேஷனிலேயே சாவகாசமாக ஏற்றிவிடுவேன்.

நம்ம குன்னூர் வண்டி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். அங்கே அகலப்பாதை, பல்சக்கரம் கிடையாது, சுற்றிச் சுற்றியே ஏறிவிடுகிறது. அப்பாவுக்கு அதில் ஏனோ பெருமை.

பழைய லயத்தருகே ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தார். "நம்ம ஊர் கொழுந்து வாசமே தனி."

எந்த ஊரைச் சொன்னார் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.