கடையில் இருப்பதா, வீட்டில் இருப்பதா?

மதுரையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடம் அது. மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். எங்கே போனாலும், அப்படி ஆனால் உடனே போடுவதற்கான எபிபென் ஊசிகள் இரண்டு என் பையில் இருக்கும்.

2024 செப்டம்பர் கடைசியில் ஒருநாள், நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் பில் போடும் இடத்தருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாங்கள் வாங்கும் சாஸின் படம், மேலே பெரிதாக ‘ரீகால்’ என்ற சொல். திரும்பப் பெறுகிறார்கள் என்று மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். ஷெல்ஃபில் அந்த இடம் காலியாக இருந்தது. சரி, எடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அதே சாஸ் பாதி பாட்டில் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் யாழ்ப்பாணத்துத் தோழியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் உணவுக் கடையில் வேலை பார்ப்பவர். முகம் மாறிவிட்டது. “அக்கா, அது உங்களுக்கான அறிவிப்பு. வீட்டில இருக்கிறதைத் தொடாதேங்கோ, கொண்டுபோய்க் குடுங்கோ.”

அப்புறம்தான் விளங்கச் சொன்னார். ‘வித்ட்ராவல்’ என்றால், வாங்குபவர் கைக்குப் போவதற்கு முன்பே சரக்கைக் கிடங்கிலிருந்தும் கடையிலிருந்தும் எடுத்துவிடுவது. அதில் நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ‘ரீகால்’ என்றால் சரக்கு ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டது. சாப்பிடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள் அல்லது தூக்கிப் போடுங்கள் என்று வாங்கியவரிடமே சொல்வது. தமிழில் இரண்டையும் ‘திரும்பப் பெறுதல்’ என்றே எழுதுகிறோம். யார் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

நல்லவேளை, மகன் அதைத் தொட்டிருக்கவில்லை. கடையில் ரசீதுகூடக் கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அந்த லேபிளை நான் இரண்டு முறை படித்துத்தான் வாங்கியிருந்தேன். பிரிட்டனில் லேபிளில் கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் உண்டு, வேர்க்கடலையும் உண்டு. அதில் கடுகு இருந்தது, கடலை இல்லை. ஆனால் சிக்கலே கடுகில்தான். இந்தியாவிலிருந்து வந்த கடுகுச் சரக்கில் வேர்க்கடலை கலந்திருந்தது. அந்த விசாரணை நடந்த நாட்களில், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எதையுமே தவிர்க்கும்படி இங்குள்ள உணவுத் தர அமைப்பு சொன்னது. எங்கள் வீட்டில் கடுகு தாளிக்காத குழம்பு ஏது? சீரகமும் உளுந்தும் மட்டும் போட்டுத் தாளித்துச் சமாளித்தோம்.

அந்த அமைப்பின் ஒவ்வாமை எச்சரிக்கைகள் இப்போது என் மின்னஞ்சலுக்கே வருகின்றன. இலவசம்தான். வந்ததும் எங்கள் பகுதித் தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ‘திரும்பப் பெறுகிறார்கள்’ என்று எழுதுவதில்லை. “வீட்டில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்” என்றே எழுதுகிறேன்.