மாலை போட்ட மூணாம் நாள் ராத்திரி

கார்த்திகை பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கறுப்பு வேட்டி இல்லாத தெருவைப் பார்க்க முடியாது. வருஷக்கணக்காகத் தினமும் ரெண்டு குவாட்டர் போட்டவர், விடியற்காலையில் குளித்து மாலை போட்டுக்கொண்டு, இனி ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்பார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூணாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊருது, கதவுக்குப் பின்னாடி ஆள் நிக்குது என்று கத்த ஆரம்பிப்பார். சாமிக்கு ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது என்று குருசாமியைத் தேடி ஓடுவார்கள். ஓடவேண்டியது ஆஸ்பத்திரிக்கு; இது குடியைச் சட்டென்று நிறுத்தியதால் வருகிற மூளைக் கோளாறு.

மாலைக்கு மட்டும் இல்லை. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்தவருக்கும் இது வரும். கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்தவருக்கும் வரும். மானம் போய்விடும் என்று அவர் குடிப்பதை டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் டிரிப்பைப் பிடுங்கி எறிவார். மயக்க மருந்துதான் காரணம் என்று வீட்டார் சண்டைக்குப் போவார்கள்.

மூளையை அடக்கி வைக்கிற காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது. தினமும் இப்படி நடந்தால், ஈடுகட்ட மூளை குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தின் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்ளும். மலைப்பாதையில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் சேர்த்து மிதித்தபடி இறங்குகிற லாரிக்குத் திடீரென்று பிரேக் அறுந்த மாதிரிதான், குடியைச் சட்டென்று நிறுத்துவது.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். வலிப்பு வந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உடனே 108.

மூணாம் நாளை ஒட்டி வருவதுதான் டெலிரியம் என்கிற கடும் மனக்குழப்பம். நாள், இடம் தெரியாது, ஆள் அடையாளம் தெரியாது, ஜுரம் அடிக்கும், பி.பி. ஏறும். சிலர் தங்கள் தொழிலையே படுக்கையில் செய்துகொண்டிருப்பார்கள். குடியாத்தத்து நெசவாளி என்றால் இல்லாத தறியில் நாடா எறிவார், ஆட்டோக்காரர் இல்லாத ஹேண்டிலைத் திருப்புவார். ரெண்டு விரலுக்கு நடுவில் நூல் இருப்பது போல டாக்டர் வெறும் கையை நீட்டி, "இந்த நூலைப் பிடிங்க" என்பார். டெலிரியத்தில் இருப்பவர் இல்லாத நூலைக் கவனமாக இழுப்பார். பேய் பிடித்தவர் என்று இவரைக் கட்டிப்போட்டு வேப்பிலை அடிக்கிற நேரத்தில் உயிரே போய்விடலாம்.

"போன வருஷமும் இப்படித்தான் மாலை போட்டார், ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்கள். விட்டுவிட்டுக் குடிப்பவருக்கு ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூளை கூடுதலாகத் தூண்டப்படுகிறது. போன வருஷம் நடுக்கம் மட்டும் வந்தவருக்கு இந்த வருஷம் வலிப்பு வரலாம்.

இதற்கு ஆஸ்பத்திரியில் குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபம் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டவருக்கும் வயதானவருக்கும் லோரசிபம். முதல் ரெண்டு நாள் தேவையான அளவு கொடுத்து, பிறகு தினம் தினம் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி வீட்டில் போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை இது. மேலே ஒரு கட்டிங்கும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே பெரிய கெடுதல் செய்கிறது: சோர்வு என்றாலே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்பது. குளுக்கோஸை எரிக்க பி1 வைட்டமின், அதாவது தயமின், வேண்டும். குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தையும் குளுக்கோஸ் தின்றுவிட்டால் வெர்னிக்கி என்கிற மூளைக் கோளாறு வரலாம். கண் அசைவு கோணும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது குறைவு என்பதால், போதை இன்னும் தெளியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் வந்தாலே தயமின் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை, நரம்பு வழியாகப் போகவேண்டும். தவறவிட்டால் கோர்சகாஃப் என்கிற ஞாபகக் கோளாறு மிஞ்சலாம். காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது, கேட்டால் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டேன் என்று கூசாமல் சொல்வார். அது பொய் இல்லை, ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை நிரப்புகிறது. ஆகவே பி1 ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தே போகட்டும்.

குழப்பம் எல்லாமே குடியை நிறுத்தியதால் வந்தது என்றும் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு விழுந்தவருக்கு மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருக்கலாம். பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழிப்பவருக்குக் கல்லீரல் காரணமாக இருக்கலாம். எங்கே விழுந்தார், எப்போது கடைசியாகக் குடித்தார், எவ்வளவு என்பதைக் கூடப்போகிறவர் சொல்லவேண்டும். "கொஞ்சமா குடிப்பாரு" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எத்தனை குவாட்டர், காலையில் எழுந்ததும் நடுக்கத்துக்குப் போடுகிறாரா என்று கணக்காகச் சொல்லுங்கள்.

மாலை போடும் ஆசையைத் தடுக்கவேண்டியதில்லை. ஐப்பசி நடுவிலேயே சிகிச்சைக்குச் சேர்ந்துவிட்டால் ஒண்ணாம் தேதி தெளிவாக மாலை போடலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குவது வெகுகாலப் பழக்கம். வியாதியை வீடும் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இருப்பதாகத் தோன்றவில்லை. மனைவிமேல் ஓயாத சந்தேகம், தற்கொலைப் பேச்சு எல்லாம் குடியால் வந்ததா, தனி நோயா என்பது பெரும்பாலும் குடி நின்று ரெண்டு மூணு வாரத்துக்குப் பிறகுதான் தெளிவாகும். அதற்காகத் தற்கொலைப் பேச்சை அதுவரை தள்ளிப்போடக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று, அந்தப் பொடியை நம்பாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் பொடித்துப் போடுபவர்களும் உண்டு. அதன்மேல் குடித்தால் உடம்பில் அசிடால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பி.பி. இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து நீடிக்கலாம். சாப்பிடுபவருக்கு விவரம் தெரிந்து, அவரே சம்மதித்தால்தான் அது மருந்து. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம், அக்காம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. முன்னதற்குக் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு எழுதித் தருவார்கள்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே, முதல் வாரம் தினமும் டாக்டர் வருவாரா, ராத்திரி நர்ஸ் உண்டா, பி1 ஊசி போடுவீர்களா, வீட்டார் பார்க்கலாமா. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.